தீபாவளிக்குக் கழுவிய மீன் தொட்டி



வீட்டில் வளர்க்கும் நாயோ பூனையோ இறந்தால், அதற்கு ஏதோ ஒரு காரணம் இருந்திருக்க வேண்டும் என்று எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள். முதுமை, நோய், சாலையில் அடிபட்டது என்று ஏதாவது ஒன்று. தொட்டி மீன் இறந்தால் மட்டும் காரணம் தேடும் வழக்கம் நம்மிடையே மிகக் குறைவு. 'மீன்தானே, அதன் ஆயுள் அவ்வளவுதான்' என்று வலையால் அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டு, அடுத்த வாரமே பாசார் மாலாமில் நெகிழிப் பையில் கட்டித் தொங்கவிட்டிருக்கும் இரண்டு மீன்களை வாங்கி வந்துவிடுகிறோம். அவற்றின் ஆயுளும் 'அவ்வளவுதான்' ஆகிவிடுகிறது. நல்ல நீரில் வைத்தால் பொன்மீன் பத்தாண்டுக்கு மேலும் வாழக்கூடியது என்று சொன்னால் பலர் நம்புவதில்லை.

காரணம் தேடுகிறவர்களும் பெரும்பாலும் மூன்றில் ஒன்றைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். நம் பாட்டிமார்கள் கண்ணேறு என்பார்கள். பக்கத்து வீட்டுச் சீன அம்மையார், 'உங்கள் வீட்டுக்கு வரவிருந்த தீங்கை அந்த மீன் தன் தலையில் வாங்கிக்கொண்டது' என்று ஆறுதல் சொல்வார். இவ்விரண்டையும் நான் கேலி செய்யமாட்டேன். இரண்டிலும் ஒரு நல்ல குணம் இருக்கிறது; வீட்டிலுள்ள யார்மீதும் பழி விழுவதில்லை. மூன்றாவது விளக்கம்தான் எனக்கு அச்சமூட்டுவது: 'பையன் தீனியை அள்ளிக் கொட்டிவிட்டான்.' சில வேளைகளில் இது உண்மையாகவும் இருப்பதால், உண்மையாக இல்லாத வேளைகளிலும் எல்லாரும் உடனே நம்பிவிடுகிறார்கள்.

இந்த மூன்றாவது விளக்கத்தில் சிக்கிக்கொண்ட ஒரு மாணவனைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன்.

2024-ஆம் ஆண்டுத் தீபாவளி அக்டோபர் 31, வியாழக்கிழமை வந்தது. விடுமுறை முடிந்து நவம்பர் 4, திங்களன்று பள்ளிக்குச் சென்றபோது வகுப்பறை எப்படி இருந்திருக்கும் என்று ஆசிரிய நண்பர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. யாருக்கு எவ்வளவு அங்பாவ் சேர்ந்தது, யார் வீட்டு அச்சு முறுக்கு நன்றாக இருக்கிறது என்று ஒரே ஆரவாரம். என் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுள் ஒருவன் மட்டும் அதில் கலந்துகொள்ளாமல் மேசைமீது கையை வைத்து உட்கார்ந்திருந்தான். வழக்கமாக வாய் ஓயாதவன். ஓய்வு நேரத்தில் தனியே அழைத்து என்னவென்று கேட்டேன்.

"வீட்டுல மீனெல்லாம் செத்துப்போச்சு டீச்சர். நான்தான் கொன்னுட்டேனாம்."

பதினொரு பொன்மீன்களில் ஒன்பது இறந்துவிட்டன. இரண்டு மட்டும் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கின்றன. தொட்டியின் அடியில் தின்னப்படாத தீனி கிடந்ததைப் பெரியவர்கள் பார்த்துவிட்டார்கள். தீனி போடுபவன் இவன். வேறென்ன சான்று வேண்டும்? இனித் தொட்டிப் பக்கமே போகக்கூடாது என்று தந்தை சொல்லிவிட்டார். அதைக்கூட அவன் பொறுத்துக்கொண்டிருப்பான். தீபாவளிக்கு வந்த ஒவ்வொரு விருந்தினருக்கும் அந்தக் கதை சொல்லப்பட்டிருக்கிறது. சித்தப்பா ஒருவர் வேடிக்கையாக அவனுக்கு 'கொலைகாரன்' என்று பெயர் வைத்துவிட்டார். நான்கு நாள்கள், வீடு நிறைய உறவினர், அந்தப் பெயர். பெரியவர்களுக்கு அது நகைச்சுவை.

"நான் தினமும் அந்தக் குட்டி மூடியில ஒரு மூடிதான் போட்டேன் டீச்சர். ஒரே ஒரு மூடி."

நான் சில ஆண்டுகளாக வீட்டில் மீன் வளர்ப்பவள். ஆதலால் அவன் அழுகையை அடக்கும் வரை காத்திருந்து, வேறு சில கேள்விகளைக் கேட்டேன். முதல் மீன் என்று இறந்தது? எத்தனை மணிக்குப் பார்த்தாய்? அடுத்தது எப்போது? இறக்கும் முன் அவை எங்கே நின்றன, என்ன செய்தன?

அறிவியல் பாடத்தில் 'உற்றறிதல்' என்று நாம் ஓயாமல் சொல்லிக்கொடுக்கிறோமே, அது வீண்போகவில்லை. அவன் எல்லாவற்றையும் கவனித்து வைத்திருந்தான். தீபாவளியன்று காலை எண்ணெய்க் குளியல் முடித்து வந்தபோது ஒன்று மிதந்தது. அன்றிரவு இரண்டு. வெள்ளிக்கிழமை மூன்று. சனிக்கிழமை இரண்டு. ஞாயிற்றுக்கிழமை ஒன்று. எல்லாம் மேல்மட்டத்தில் வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. செவுள் ஓரம் இரத்தச் சிவப்பாக இருந்தது. இன்னொன்றும் சொன்னான்: புதன்கிழமையிலிருந்தே அவை சரியாகத் தின்னவில்லையாம்.

அந்தக் கடைசிச் செய்தி முக்கியமானது. அடியில் கிடந்த தீனி மிகுதியாகப் போட்டதால் மிஞ்சியதன்று. மீன்கள் தின்ன இயலாத நிலைக்கு வந்துவிட்டதால் மிஞ்சியது. காரணம் என்று பெரியவர்கள் பிடித்துக்கொண்டது உண்மையில் ஒரு விளைவு.

தொட்டியில் மீன்கள் மடியும்போது, அவை மடியும் நேரமும் வரிசையுமே முதல் சாட்சிகள். எல்லா மீன்களும் ஓரிரு மணி நேரத்துக்குள் துடித்து விழுந்தால், வெளியிலிருந்து ஏதோ நஞ்சு வந்திருக்கிறது என்று பொருள். குளோரின் நீக்காத குழாய் நீரை நிறைய ஊற்றியிருக்கலாம். அல்லது நம் தாமான்களில் டிங்கி கண்டவர் இருந்தால் சுகாதாரப் பிரிவினர் வந்து புகையடிப்பார்களே, அதுவாக இருக்கலாம். அந்தப் புகையிலும் கடையில் விற்கும் கொசு மருந்திலும் பெரும்பாலும் இருப்பது பைரித்ராய்டு வகை மருந்து. நாய்க்கும் மனிதருக்கும் அது அவ்வளவு கொடியதன்று. மீனுக்கோ மிகச் சிறிய அளவே போதும். தொட்டியில் ஓடும் காற்று மோட்டார் அறையின் காற்றை இழுத்து நீருக்குள் செலுத்துகிறது என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. புகையடிக்க வருகிறார்கள் என்று அறிந்தால், மோட்டாரை நிறுத்தித் தொட்டியை நெகிழித் தாளால் இறுக மூடிவிட வேண்டும். புகை அகன்றதும் உடனே திறந்து மோட்டாரை ஓட விடவேண்டும். (தீபாவளிக்கு முன் கரப்பான் மருந்து அடிக்கும் இல்லத்தரசிகளும் இதைக் கருத்திற்கொள்ளலாம்.)

விடியற்காலையில் மட்டும் மீன்கள் இறந்து கிடந்தால் உயிர்வளிக் குறைவை ஐயுற வேண்டும். இரவில் நீர்ச்செடிகளும் உயிர்வளியை உட்கொள்கின்றன. நம் நாட்டு வெப்பமும் ஒரு காரணம். உறைநிலைக்கு அருகிலுள்ள ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 14.6 மில்லிகிராம் உயிர்வளி கரைந்திருக்கும். 28 பாகையில் 8 மில்லிகிராம்கூடக் கரையாது. பொன்மீனோ குளிர்நீருக்குப் பழகிய இனம். நோய் என்றால் வேறு மாதிரி இருக்கும்: வெண்புள்ளி, அழுகிய செதில், ஒரு மீனில் தொடங்கி வாரக்கணக்கில் பரவுதல்.

இவன் சொன்னது இவற்றுள் எதிலும் பொருந்தவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறி, பின்பு இறங்கிய சாவு. மருந்து அடித்தார்களா என்று கேட்டேன், இல்லை. மின்சாரம் தடைப்பட்டதா? இல்லை. பட்டாசுப் புகையாக இருக்குமோ என்று அவனே ஒரு கருதுகோள் சொன்னான். முதல் மீன் பட்டாசு வெடிக்கும் முன்பே, விடிகாலையிலேயே இறந்துவிட்டதை நினைவூட்டியதும் அதை அவனே கைவிட்டான்.

"தீபாவளிக்கு மூணு நாலு நாளைக்கு முன்ன தொட்டியில ஏதாச்சும் மாத்துனீங்களா?"

"அப்பா கழுவுனாரு டீச்சர். ஞாயித்துக்கிழமை. கல்லெல்லாம் வெளிய எடுத்து உப்புப் போட்டுத் தேச்சாரு. புதுப் பஞ்சு வாங்கிப் போட்டாரு. பளபளன்னு இருந்திச்சு."

எனக்கு விளங்கிவிட்டது.

இதைப் புரிந்துகொள்ள, மீன் எவ்வாறு கழிவை வெளியேற்றுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். உணவிலுள்ள புரதம் செரித்தபின் எஞ்சும் நைட்ரஜனை நாம் யூரியாவாக்கிச் சிறுநீரில் கழிக்கிறோம். மீன் அதை அம்மோனியாவாகவே, பெரும்பகுதியைச் செவுள் வழியாக, இடைவிடாமல் நீரில் விடுகிறது. ஆற்றில் அது அடித்துச் செல்லப்படும். தொட்டியில் எங்கே போகும்? மீன் தன் கழிவறைக்குள்ளேயே குடியிருக்கிறது என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு. மாணவர்கள் முகத்தைச் சுளித்துச் சிரிப்பார்கள்; ஆனால் மறக்கமாட்டார்கள்.

அந்த அம்மோனியாவைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. அவை அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. நைட்ரைட்டும் நஞ்சுதான், மீனின் இரத்தம் உயிர்வளியைச் சுமக்க முடியாதபடி செய்து, அதைப் பழுப்பு நிறமாக்கிவிடும். இன்னொரு கூட்டம் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட்டின் தீங்கு மிகக் குறைவு; வாரந்தோறும் நீரின் ஒரு பகுதியை மாற்றினால் அது போய்விடும். இந்தச் சங்கிலியை 1890-ஆம் ஆண்டையொட்டி விளக்கியவர் செர்கேய் வினோகிராட்ஸ்கி என்ற உருசிய அறிவியலாளர். நான் படித்த காலத்தில் நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபாக்டர் என்று இரண்டு பெயர்களை மனனம் செய்தோம். இப்போது அந்தப் பாடம் மாறிவிட்டது. நன்னீர் மீன் தொட்டிகளில் இரண்டாம் வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா வகை என்று 1998-இல் கண்டார்கள். முதல் வேலையைப் பல தொட்டிகளில் பாக்டீரியா அல்லாத ஆர்க்கியா என்னும் நுண்ணுயிர்களே மிகுதியாகச் செய்கின்றன என்று 2011-இல் ஓர் ஆய்வு காட்டியது. இரண்டு வேலையையும் ஒன்றே செய்யும் நைட்ரோஸ்பைராவும் உண்டு என்று 2015-இல் தெரியவந்தது. பெயர் எதுவாயினும் ஆகட்டும். இவை நீரில் மிதந்து திரிவதைவிட ஒட்டிக்கொண்டு வாழ்வதையே விரும்புகின்றன. எதில் ஒட்டும்? வடிகட்டிப் பஞ்சில், அடியிலுள்ள கற்களில். நாம் அழுக்கு என்று அருவருக்கும் அந்தப் பழுப்பு வழவழப்பில்தான் தொட்டியின் உயிரே இருக்கிறது. ஒரு புதுத் தொட்டியில் இவை போதுமான அளவு பெருகுவதற்குப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரங்கள் தேவை.

கல்லை உப்பிட்டுத் தேய்த்துக் குழாய் நீரில் அலசி, பழைய பஞ்சை எறிந்துவிட்டால், மீன்கள் பழையவை. தொட்டி மட்டும் நேற்று வாங்கியது போல் ஆகிவிடும்.

அன்று மாலையே அந்த வீட்டுக்குச் சென்றேன். மாணவனின் தாயார் முன்பே தீபாவளி உபசரிப்புக்கு அழைத்திருந்தது வசதியாயிற்று. 'உங்கள் மகன் குற்றமற்றவன் என்று நிறுவ வந்திருக்கிறேன்' என்று எந்த ஆசிரியை ஒரு வீட்டுக்குள் நுழைய முடியும்? முறுக்கும் தேநீரும் வந்தன. தந்தை சரக்குந்து ஓட்டுநர். வாரத்தில் பாதி நாள் வெளியூரில் இருப்பவர். தீபாவளிக்கு வீடு வந்தவர், தமக்குக் கிடைத்த ஒரே ஞாயிற்றுக்கிழமையைச் செலவிட்டு அந்தத் தொட்டியைக் கழுவியிருக்கிறார். அதை நான் மறக்க விரும்பவில்லை.

தொட்டி வரவேற்பறையில் இருந்தது. இரண்டடி நீளம், ஏறத்தாழ 60 லிட்டர் கொள்ளும். கடைக் கண்ணாடி போலத் தெளிவு. வெள்ளை வெளேரென்ற கற்கள். வெள்ளைப் பஞ்சு. அதனுள் இரண்டு மீன்கள், ஒன்று சிவப்பு, ஒன்று கருப்பு, நீர்மட்டத்தில் வாயைத் திறந்துகொண்டு.

அதே அலமாரியில், ஒரு கை தூரத்தில் ஒரு கண்ணாடிச் சாடி. அதில் ஊதா நிறச் சண்டை மீன் ஒன்று. சாடியின் வாயில் ஒரு மணி பிளாண்ட் கொடி வேர்விட்டிருந்தது. கண்ணாடியெல்லாம் பச்சைப் பாசி. அது மாணவனின் சொந்த மீன்; ஆகையால் அதை யாரும் கழுவவில்லை. அது மிக நலமாகச் செதிலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தது.

"இதுக்கும் நீதான் தீனி போடுறியா?" என்று அனைவரும் கேட்கும்படி வினவினேன்.

"ஆமா டீச்சர்."

அதே கை, அதே தீனி, அதே அறை, வந்துபோன அதே விருந்தினர் கண்கள். பாட்டி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனால் ஒன்றும் சொல்லவில்லை.

நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால், சண்டை மீனை மட்டும் வைத்து முடிவு கட்டிவிட முடியாது. அது காற்றை நேரடியாக உட்கொள்ளும் உறுப்பைப் பெற்ற இனம். மற்ற மீன்கள் மூச்சுமுட்டும் நீரிலும் தாக்குப்பிடிக்கும். எனவே நான் எடுத்துச் சென்றிருந்த சோதனைக் குப்பிகளை மேசைமீது வரிசையாக வைத்தேன். ஒன்றில் குழாய் நீர், ஒன்றில் சாடி நீர், ஒன்றில் தொட்டி நீர். சொட்டு மருந்தை மாணவனே எண்ணி விட்டான். ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். அந்த ஐந்து நிமிடமும் தொலைக்காட்சியை யாரோ அணைத்துவிட்டார்கள். குழாய் நீர் மஞ்சள். சாடி நீர் மஞ்சள். தொட்டி நீர் பச்சையாகி, மேலும் பச்சையாகிக் கரும்பச்சையில் போய் நின்றது. நிற அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்து, 'நாலு' என்று மாணவன் படித்தான். லிட்டருக்கு 4 மில்லிகிராம்.

அம்மோனியா நீரில் இரண்டு வடிவங்களில் இருக்கும். மீனைக் கொல்வது அவற்றுள் ஒன்று. நீரின் பி.எச். அளவு 7 ஆக இருந்தால் நம் நாட்டு வெப்பத்தில் அந்தக் கொல்லும் வடிவம் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. 8 ஆக இருந்தால் ஆறு விழுக்காட்டைத் தாண்டும். அந்தத் தொட்டியில் 7.8. அதாவது ஏறத்தாழ நான்கு விழுக்காடு. நான்கில் நான்கு விழுக்காடு எவ்வளவு என்று மாணவனிடம் கேட்டேன். தாளில் போட்டுப் பார்த்து 0.16 என்றான். லிட்டருக்கு 0.05 மில்லிகிராமிலேயே செவுள்கள் புண்ணாகத் தொடங்கிவிடும். இங்கே அதைப்போல் மூன்று மடங்கு; அதுவும் ஒன்பது மீன்கள் குறைந்த பிறகு.

அப்போதுதான் தந்தை ஒரு கேள்வி கேட்டார். நல்ல கேள்வி. எந்த ஆசிரியரையும் சற்று நிமிர்ந்து உட்கார வைக்கும் கேள்வி.

"போன வருஷமும் தீபாவளிக்கு நான் கழுவுனேன் டீச்சர். அப்ப ஒண்ணுகூட சாகலையே?"

நான் விடை சொல்லவில்லை. தாளின் நடுவே ஒரு கோடு கிழித்து, 'சென்ற ஆண்டு', 'இவ்வாண்டு' என்று எழுதி மாணவனிடம் கொடுத்தேன். மாறிகளைக் கண்டறிதல் அவனுக்குப் பழக்கமான வேலை. சென்ற ஆண்டு மூன்று சிறிய மீன்கள். இவ்வாண்டு பதினொன்று, அவற்றுள் சில உள்ளங்கை நீளம். சென்ற ஆண்டு கண்ணாடியை மட்டும் துடைத்து நீரை மாற்றினார்கள். இவ்வாண்டு கல்லையும் வெளியே எடுத்துத் தேய்த்தார்கள். சென்ற ஆண்டு பழைய பஞ்சு, இவ்வாண்டு புதியது. தீனி? இரண்டு பக்கமும் 'ஒரு மூடி' என்று எழுதினான். எழுதிவிட்டுத் தந்தையை நிமிர்ந்து பார்த்தான்.

தந்தை அந்தத் தாளைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு குப்பைத் தொட்டிப் பக்கம் பார்த்தார்; பழைய பஞ்சு ஒரு வாரத்துக்கு முன்பே போய்விட்டிருந்தது. புதுப் பஞ்சின் பொட்டலத்தில் 'மாதம் ஒருமுறை மாற்றவும்' என்று அச்சிட்டிருந்ததாகச் சொன்னார். அது உண்மையாகவே இருக்கும். பஞ்சு விற்பவர்களுக்குப் பஞ்சு விற்க வேண்டுமே. யாரும் அவரிடம் இதுவரை சொல்லாத ஒன்றை அவர் எப்படி அறிந்திருப்பார் என்று நான் சொன்னேன். அதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை; நம் நாட்டில் மீன் தொட்டி வாங்கும் நூறு பேரில் எத்தனை பேருக்குக் கடையில் இதைச் சொல்லியிருப்பார்கள்?

அவர் பதில் பேசவில்லை. கைப்பேசியை எடுத்துக் குடும்பத்தாரின் வாட்ஸாப் குழுவில் ஒரு குரல் பதிவு அனுப்பினார். "மீன் செத்தது பையனாலே இல்ல. நான் கழுவுனதுதான் காரணம். டீச்சர் வந்து டெஸ்ட் பண்ணிப் பார்த்தாங்க. இனிமே யாரும் அவனை அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிடாதீங்க." அவ்வளவுதான். விருந்தினர் எல்லாருக்கும் கதை சொல்லப்பட்டதைப் போலவே திருத்தமும் எல்லாருக்கும் போயிற்று. இருபது ஆண்டுக்கும் மேலாகப் பெற்றோர்களைச் சந்தித்து வருகிறேன்; பிள்ளையின் முன்னிலையில் இதைச் செய்யத் துணிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மாணவன் சாடியிலிருந்த சண்டை மீனையே பார்த்துக்கொண்டிருந்தான். காது மட்டும் சிவந்திருந்தது.

எஞ்சிய இரண்டையும் காப்பாற்ற வேண்டுமே! பாதி நீரை வெளியேற்றி, குளோரின் நீக்கும் மருந்து கலந்த புதுநீரை மெதுவாக ஊற்றினோம். அதையே அடுத்த மூன்று நாள்களும் செய்யச் சொன்னேன். அந்த மூன்று நாள்களும் தீனி கிடையாது. மீனுக்கு அது ஒரு பொருட்டே அன்று. காற்று மோட்டாரை முழு வேகத்தில் ஓட விட்டோம். நைட்ரைட் வரப்போகிறது என்பதால் லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் சாதாரண உப்பு. உப்பிலுள்ள குளோரைடு, செவுள் வழியே நைட்ரைட் நுழைவதைத் தடுக்கும். (சிங்கப்பூர் அன்பர்கள் கவனிக்க: உங்கள் குழாய் நீரில் இருப்பது குளோராமின். ஒருநாள் வாளியில் வைத்திருந்தால் குளோரின் போய்விடும். குளோராமின் அப்படிப் போகாது. மருந்து கட்டாயம் தேவை.)

இவற்றையெல்லாம்விட முக்கியமானது என் கைப்பையில் இருந்தது. என் வீட்டுத் தொட்டியின் பழைய பஞ்சில் பாதியை வெட்டி, தொட்டி நீரோடு நெகிழிப் பையில் கட்டி எடுத்து வந்திருந்தேன். காப்பித்தூளில் தோய்த்தெடுத்தது போல் இருந்த அதைப் பார்த்ததும் மாணவனின் தாயார், "ஐயோ டீச்சர், இவ்வளவு அழுக்கையா உள்ள போடப் போறீங்க?" என்று பதறிவிட்டார். அவர் கவலை நியாயமானதுதான். நோயுள்ள தொட்டியின் பஞ்சானால் நோயும் சேர்ந்தே வரும். நன்கு தெரிந்த, நெடுநாள் நலமாக ஓடும் தொட்டியிலிருந்து மட்டுமே இப்படி எடுக்கலாம்.

இனிப் பஞ்சு மிகவும் அடைத்துக்கொண்டால், தொட்டியிலிருந்து வாளியில் எடுத்த நீரிலேயே இரண்டு முறை பிழிந்து திரும்ப வைக்குமாறு தந்தையிடம் சொன்னேன். குழாய்க்கு அடியில் பிடிக்கக்கூடாது. வாரம் ஒருமுறை நீரில் நான்கில் ஒரு பங்கு. கல்லையும் பஞ்சையும் ஒரே நாளில் தொடவே கூடாது. தீபாவளிக்குக் கண்ணாடியைத் துடைத்தால் போதும். விருந்தினர் பார்ப்பது கண்ணாடியைத்தான்.

சிவப்பு மீன் அந்தப் புதன்கிழமை இறந்துவிட்டது. மறுநாள் காலை மாணவன் என்னிடம் வந்து, "செவுள் முன்னமே புண்ணாயிருச்சு டீச்சர், நீரை மாத்தியும் தாங்கல" என்று ஒரு மருத்துவரைப் போல அறிவித்தான். கருப்பு பிழைத்துக்கொண்டது.

சோதனைக் குப்பிகளை அவனிடமே விட்டு வந்திருந்தேன். பழைய பயிற்சிப் புத்தகத்தில் கட்டம் போட்டு அளவுகளைக் குறித்து வந்தான். நவம்பர் 4-இல் நான்கு. 8-இல் ஒன்று. 13-இல் அம்மோனியா மஞ்சளாகவே நின்றது. ஆனால் நைட்ரைட் குப்பி ஊதாவாக மாறியது. அதைக் கண்டு அவன் அஞ்சவில்லை. சங்கிலியின் இரண்டாம் கூட்டம் இன்னும் வந்து சேரவில்லை என்று தாளின் ஓரத்தில் எழுதியிருந்தான். 24-ஆம் நாள் அதுவும் தெளிந்து நீலமாயிற்று. என் பஞ்சிலிருந்து போன உயிர்கள் வேகமாகக் குடியேறிவிட்டன போலும்.

டிசம்பர் முதல் வாரத்தில் தந்தை வெளியூரிலிருந்து அழைத்தார். கருப்பு தனியாக இருக்கிறதாம். எத்தனை மீன் வாங்கலாம் என்று கேட்டார். 60 லிட்டர் என்பது வளர்ந்த பொன்மீன் இரண்டுக்கே நெருக்கடியான இடம். ஒன்று என்றேன். சிரித்துவிட்டார். மகனும் ஒன்றுதான் என்கிறானாம்; அவர் மூன்று வாங்கலாம் என்று நினைத்திருந்தாராம்.